சத்து டப்பா, உப்புப் பொட்டலம், ஃபிளாஸ்க்: கீமோ நாட்களுக்கு வேலூரில் வாங்குவதில் எது கைகொடுக்கும்?

வேலூர் காந்தி ரோட்டில் மெடிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி. மருத்துவமனையில் கீமோ, அதாவது புற்றுநோய்க்கான ஊசி மருந்து, ஏற்றிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பும் குடும்பங்கள் வழியில் ஒரு கடையில் நின்று, "அம்மா எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறாங்க, சத்தா ஏதாவது கொடுங்கண்ணா" என்று கேட்பதும், கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைப்பதும் தினம் நடக்கிறது. அந்த டப்பாவோடு ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சத்துமாவு, ஃபிளாஸ்க், இளநீர் என்று பை நிறைந்துவிடும். இவற்றில் எது உதவுகிறது, எது எதனால் வீணாகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும், ஊசி போட்டுக்கொண்டு ஆற்காடு, குடியாத்தம் என்று ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் கணக்கு. சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். தண்ணீர், மோர், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்; வாந்தி, பேதி இருந்தாலோ, அக்னி நட்சத்திர வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் படுத்திருந்தாலோ அதற்கும் மேலே. சிறுநீரகம், இதயம் சரியில்லாதவர்களுக்கு இந்த அளவுகளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு, வாங்கும் பொருள் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் எவ்வளவை நிரப்புகிறது என்பதை வைத்தே மதிப்புப் போடலாம். டப்பாவில் ஓடும் குதிரைப் படமோ, சிரிக்கும் தாத்தா படமோ இதில் சேராது.

சத்து பவுடர் டப்பாவிலிருந்து ஆரம்பிப்போம். பணம் அதிகம் போவதும் இதில்தான், தவறு அதிகம் நடப்பதும் இதில்தான். மருத்துவமனைகளில் எழுதித் தரும் முழுச்சத்து பவுடர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வேளை அளவு ஏறக்குறைய 50 கிராம். அதைத் தண்ணீரில் கலந்தால் ஒரு பெரிய தம்ளர் வரும். அதில் 200 கலோரிக்குச் சற்று மேலும் 8, 9 கிராம் புரதமும் இருக்கும். டப்பாவுக்குள் இருக்கும் ஸ்கூப் சின்னது. ஐந்து, ஆறு ஸ்கூப் போட்டால்தான் அந்த 50 கிராம் சேரும். நம் வீடுகளிலோ பூஸ்ட், ஹார்லிக்ஸ் கலந்த பழக்கத்தில் இரண்டு ஸ்பூன் போட்டு ஆற்றிக் கொடுத்துவிட்டு, "காலையில சத்து பவுடர் குடிச்சிட்டாங்க, சாப்பாடு வேணாம்" என்று விட்டுவிடுகிறோம். அந்த இரண்டு ஸ்பூனில் 3 கிராம் புரதம் இருந்தாலே பெரிது. முழு அளவு போட்டால் 400 கிராம் டப்பா எட்டுத் தம்ளருக்குத்தான் வரும். நாளைக்கு இரண்டு தம்ளர் என்றால் நான்கு நாளில் டப்பா காலி. வாங்கும்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது, பிறகு சிக்கனம் பார்த்து அளவைக் குறைக்கத் தோன்றாது.

கலக்கும் விதம்: தம்ளரில் முதலில் தண்ணீர், அதன் மேல் பவுடர். டப்பாவில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முக்கால் பங்கை ஊற்றி, பவுடரை ஒவ்வொரு ஸ்கூப்பாகத் தூவிக் கலக்கிய பிறகு மீதியை ஊற்ற வேண்டும். பவுடரைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் மாவுக்கட்டி நிற்கும். கொதிக்கும் நீரில் போட்டால் புரதம் திரண்டு கட்டி தட்டும், வாசனையும் தூக்கும். ஏற்கெனவே குமட்டுகிறவருக்கு அந்த வாசனை ஒன்றே போதும், தம்ளரைத் தள்ளிவிட. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வெனிலா வாசனை பிடிக்காதவர்கள் பலர். ஒரு ஸ்பூன் காபி டிகாஷன் சேர்த்தால் அது அடங்கும். மூடி போட்ட கப்பில் ஊற்றி ஸ்ட்ரா வைத்துக் கொடுத்தால் மூக்குக்கு வாசனை எட்டாது, பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரே மூச்சில் குடிக்கச் சொல்ல வேண்டாம். கெட்டியான சத்து வயிற்றில் மொத்தமாக இறங்கினால் உப்புசம், பேதி வரும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வாய் வாயாகக் குடிக்கட்டும். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியது என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும். அதற்காகவே முதல் நாட்களில் அரை அளவு பவுடரும் அரை அளவுத் தண்ணீருமாகக் கலந்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் புதிதாகக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கடையில் கேட்காமலே எடுத்துத் தரும் மற்ற டப்பாக்களிலும் கவனம் வேண்டும். ஜிம்முக்குப் போகிற பையன்கள் வாங்கும் புரதப் பவுடரில் புரதம் இருக்கும், கலோரி குறைவு. சாப்பாட்டுக்குப் பதிலாக அது நிற்காது. சிறுநீரக நோயாளிகளுக்கான டப்பாவில் புரதத்தைக் குறைத்திருப்பார்கள் அல்லது டயாலிசிஸுக்காகக் கூட்டியிருப்பார்கள். டாக்டர் எழுதாமல் அதைத் தொட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனி ரகம் உண்டு. கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்களில் அளவைச் சோதித்துப் பார்த்துவிட்டே எந்த டப்பா என்று முடிவு செய்யட்டும்.

இவ்வளவு செலவு தாங்காதவர்களுக்கு டப்பாவுக்கு ஈடான ஒரு கலவை இருக்கிறது: காய்ச்சிய பால் 200 மில்லி, அதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு டீஸ்பூன். பாலில் 6 கிராம், பவுடரில் 5 கிராம் என்று 11 கிராம் புரதம், கலோரியும் 200 தாண்டும். பால் பவுடரைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டு பிறகு பாலில் சேர்த்தால் கட்டி விழாது. டப்பாவில் உள்ள வைட்டமின், தாது உப்புகள் இதில் அந்த அளவுக்கு இல்லை, பேதி இருக்கும்போது பாலும் ஒத்துக்கொள்ளாது. மற்றபடி தராசில் இது எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. என் முடிவு: ஊசி போட்ட பிறகு வரும் முதல் நான்கைந்து நாட்களுக்கும், வாய்ப்புண்ணால் மெல்ல முடியாத நாட்களுக்கும் டப்பா, மற்ற நாட்களுக்குப் பால் கலவை. மாதத்துக்கு நான்கு டப்பா வாங்கும் குடும்பம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓ.ஆர்.எஸ். விலையில் சின்னப் பொருள், மதிப்பில் முதலிடம். ஆனால் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். எலக்ட்ரால் போன்ற பெரிய பொட்டலம் 21.8 கிராம், அது முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 4.4 கிராம் சின்னப் பொட்டலமும் உண்டு, அது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரே தம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பும் சர்க்கரையும் ஐந்து மடங்காகும். குடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும், வாந்தியும் வரும். பொட்டலத்தைக் கண் மதிப்பில் கால், அரை என்று பிரிப்பதும் வேண்டாம். உள்ளே உப்பு ஒரு பக்கம், குளுக்கோஸ் ஒரு பக்கம் தங்கியிருக்கும். தனியாக ஒருவர் குடிக்க, அறையில் ஃபிரிட்ஜும் இல்லையென்றால் சின்னப் பொட்டலங்களாக வாங்குவதே மேல். ஒரு லிட்டர் கலந்தால் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். தண்ணீர் கேன் தண்ணீராகவே இருந்தாலும் கொதிக்கவைத்து ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். பொடியைப் போட்ட பிறகு சுட வைக்கக் கூடாது.

பழரசம்போல் அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் பானங்களைப் பல கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்றே கேட்டு வாங்கிப் பழகிவிட்டார்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்தைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் பெட்டியின் நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் உடனே மாறாது. பேதியாகிறவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அளவு தப்பிவிட்டது என்று அர்த்தம்.

வாந்தி எடுத்தவருக்குக் கொடுக்கும் முறை: வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பத்து நிமிஷம் சும்மா விட்டுவிடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் நிமிஷத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி, ஒன்றரைத் தம்ளர். அதே ஒன்றரைத் தம்ளரை, "மூக்கைப் பிடிச்சிக்கிட்டு குடிச்சிடுங்கம்மா" என்று ஒரே தடவையில் கொடுத்தால் வயிறு விரிந்து அப்படியே திரும்பி வரும். பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம் பல சமயம் குளுக்கோஸ் ஏற்ற ஓடுவதைத் தவிர்க்கும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஒரு தம்ளர். வாந்தி, பேதி இல்லாதவர் நாள் முழுக்க இதைத் தண்ணீர்போல் குடிக்கத் தேவையில்லை. இதில் கலோரி அற்பம், உப்பு வீணாகச் சேரும்.

குமட்டலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு மாத்திரை, அதன் பிறகு சாப்பாடு என்று போனால் எந்த டப்பா வாங்கியும் பிரயோஜனமில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் ஊசி போட்ட அன்று தெம்பாக இருப்பவர் இரண்டாம், மூன்றாம் நாளில் விழுவார். "நேத்து நல்லாத்தானே இருந்தாங்க" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சத்துமாவைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் முதலில் எழுதியிருப்பதுதான் உள்ளே அதிகம் இருப்பது. கோதுமை, சோளம், கேழ்வரகு முன்னாலும் பொட்டுக்கடலை, பயறு கடைசியிலும் இருந்தால் அது வெறும் கஞ்சி மாவு. இரண்டு மேசைக்கரண்டி மாவில் கிடைக்கும் புரதம் 2, 3 கிராம்தான். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சினால்தான் ஓரளவு தேறும். நார் அதிகம் என்பதால் மலச்சிக்கல் உள்ளவருக்கு நல்லது. வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியும் வாந்தி மாத்திரையும் சேர்ந்து வயிற்றைக் கட்டிவிடும்போது இது உதவும். பேதியாகும் நாட்களில் வேண்டாம். வேர்க்கடலை, முந்திரி சேர்த்த மாவு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காறிப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்காமல் 200 கிராம் வாங்குங்கள். மூட்டையிலிருந்து அள்ளித் தரும் மாவு இப்போது வேண்டாம்.

அதைவிட அறையிலேயே வைக்கும் முட்டைக் கஞ்சிக்கு என் மதிப்பெண் அதிகம். பச்சரிசி நொய் மூன்று மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் நான்கு கப், சின்ன குக்கரில் நான்கு விசில். மசித்துத் திரும்ப அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கும்போது நன்றாக அடித்த ஒரு முட்டையை நூல்போல் ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். கொதி அடங்கியிருக்கும்போது ஊற்றினால் முட்டை கட்டியாக நின்று வாடை வரும். ஊற்றிய பிறகு இரண்டு நிமிஷம் கொதிக்கட்டும். அரைவேக்காட்டு முட்டை இந்த நாட்களில் ஆகவே ஆகாது. உப்பு, அரை டீஸ்பூன் நெய். முட்டை 6 கிராம் புரதம் தரும், பருப்பு 3 கிராம், நொய்யும் ஒரு 3. மிளகு வாய்ப்புண் இருந்தால் வேண்டாம். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கொடுத்தால் வாசனையும் குறையும், வாயும் எரியாது.

கேழ்வரகுக் கூழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடாற்காட்டு வீடுகளில் ஆயா முதலில் கரைத்துக் கொடுப்பது அதைத்தான். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாக ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு இறங்கியிருக்கும். "கவுன்ட் இறங்கியிருக்கு" என்று நர்ஸ் சொல்லும் அந்த நாட்களில் ராத்திரி முழுக்கப் புளித்த கூழ், பழைய சோறு, பச்சை வெங்காயம் மூன்றும் தள்ளி நிற்கட்டும். அதே கேழ்வரகு மாவை அன்றன்றைக்குக் காய்ச்சிப் பால் கஞ்சியாகக் கொடுப்பதில் தடையில்லை. கவுன்ட்டைக் கூட்டும் என்று சொல்லிக் கொடுக்கும் பப்பாளி இலைச்சாற்றை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஃபிளாஸ்க் நல்ல பொருள், வெந்நீருக்கு மட்டும். காலையில் காய்ச்சிய கஞ்சியை அதில் ஊற்றி மத்தியானம் வரை வைத்தால் கஞ்சி உப்பிக் கெட்டியாகும், மூடியின் ரப்பர் வளையத்தில் வாடை ஏறும், சூடு இறங்க இறங்கக் கிருமிக்கு அதுவே வீடாகும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தினம் கழுவ முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பணத்தில் ஒரு லிட்டர் மின்சாரக் கெட்டில் கிடைத்தால் அதுவே மேல். அதில் பால் மட்டும் காய்ச்ச வேண்டாம், அடியில் பிடித்துத் தீய்ந்த வாசனை அறை முழுக்க நிற்கும். வாயில் இரும்பு வாடை அடிக்கிறது என்று சொல்கிறவருக்கு எவர்சில்வர் தம்ளரை விட்டுப் பீங்கான் கப், மரக்கரண்டி. பை முழுக்க வாங்கியதில் மிகச் சல்லிசானதும் பிரமாதமானதும் 100 மில்லி கோடு போட்ட சின்ன கப்தான். பெரிய தம்ளரைப் பார்த்தாலே மலைப்பு தட்டுகிறவர் அதைக் காலி செய்துவிடுவார். பதினைந்து கப் ஆனால் ஒன்றரை லிட்டர், எண்ணுவதும் சுலபம்.

இளநீர் நல்லதுதான், வரம்போடு. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸின் இடத்தை அது பிடிக்காது. சிறுநீரகத்தில் குறை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கண் முன்னால் சீவச் சொல்லி, நீங்கள் கொண்டுபோன கப்பில் ஊற்றி உடனே கொடுங்கள். ஐஸ் போட்ட கரும்புச் சாறு, தள்ளுவண்டியில் நறுக்கி வைத்த தர்பூசணி இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம்.

குளிர்ச்சி விஷயத்தில் எந்த மருந்து ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாய்ப்புண் உள்ள பலருக்குக் குளிர்ந்த பாலும் ஐஸ்கிரீமும் இதமாக இருக்கும். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியவருக்கு அடுத்த சில நாட்கள் குளிர்ந்த எதுவும் ஆகாது. ஒரு வாய் ஐஸ் தண்ணீர் பட்டாலே தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தைத் தொட்டால் விரல் சுருக்கென்று குத்தும். ஊசி அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெஸ் சாப்பாட்டில் காலை இட்லி நம்பகமானது. ஆவி பறக்க வாங்கிச் சட்னியை விட்டுவிட்டு, காரம் குறைந்த சாம்பாரோ நெய் சர்க்கரையோ தொட்டுக் கொடுக்கலாம். மத்தியானம் வாங்கிய தயிர்சாதத்தை ராத்திரிக்கு வைக்க வேண்டாம். கோடையில் பார்சல் எதுவானாலும் ஒரு மணி நேரம்தான். உங்களுக்குப் பிரியாணி வேண்டுமென்றால் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு அறைக்கு வாருங்கள், பொட்டலத்தின் மசாலா வாசனை மூடிய அறையில் சாயங்காலம் வரை நிற்கும்.

கடையில் வாங்கித் தீர்க்க முடியாத நிலைகளும் உண்டு. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டு அமுக்கிப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பேதி நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடிவிட்டது என்றாலும் அப்படியே. வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காமல் உணவியல் நிபுணரைப் பாருங்கள்.

அப்போது மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னால், குடும்பம் இடிந்துபோகிறது. தொண்டையிலும் உணவுக்குழாயிலும் கட்டி உள்ளவர்களுக்கு எடை நிற்பதே பல சமயம் அந்தக் குழாயால்தான். மேலே சொன்ன அதே முழுச்சத்து பவுடரை அதிலும் கொடுக்கலாம், முழு அளவில். தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்து, மெதுவாக இறங்க விட்டு, முடிந்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். சத்துமாவுக் கஞ்சியை அதில் ஊற்றக் கூடாது. எத்தனை தடவை வடிகட்டினாலும் தவிடு உள்ளே தங்கிக் குழாயை அடைத்துவிடும்.